வாசிக்காமல் வைத்த நன்றிக் கடிதம்

தேரிவிளையில் நன்றி முதலில் வரும், காரியம் பிறகுதான் நடக்கும் என்று ஆகிப்போனது ஓர் ஈஸ்டருக்கு அடுத்த புதன்கிழமையிலிருந்து. ஏன் அப்படி ஆனது என்று அந்த ஊரில் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள யாரும் பெரிதாக மெனக்கெடவும் இல்லை. நேற்று இருந்த செம்மணல் மேடு காற்றடித்து இன்றைக்கு நாலு பனை தள்ளிக் கிடப்பதைப் பார்த்தே வளர்ந்த சனம் அது. இதையும் அப்படியே எடுத்துக்கொண்டது.

அங்கே சதா சகாய மாதா கோயிலில் புதன்தோறும் சாயங்காலம் நவநாள் செபம். பீடத்துக்கு இடப்பக்கம் இரண்டு மரப்பெட்டிகள் இருக்கும். ஒன்றில் வேண்டுதல் உள்ளவர்கள் எழுதிப் போடுவார்கள், மற்றதில் வேண்டியது கிடைத்தவர்கள் எழுதிப் போடுவார்கள். வேண்டுதலை விலாவாரியாகப் படிக்கிற வழக்கம் இல்லை. நோயாளிகளுக்காகப் பன்னிரண்டு, வேலைக்காக ஒன்பது, பிள்ளை வரத்துக்காக மூன்று என்று எண்ணிக்கை சொல்லி முடித்துவிடுவார்கள். நன்றிக் கடிதங்களை மட்டும் ஒவ்வொன்றாக, முழுசாக, மைக்கில் படிக்க வேண்டும். ஒவ்வொரு கடிதம் முடிந்ததும் சனம் எல்லாம் சேர்ந்து "தாயே உமக்கு நன்றி" என்று சொல்லும். யாரும் பேர் போடமாட்டார்கள். இப்படிக்கு உமது மகன், இப்படிக்கு உமது மகள், அவ்வளவுதான்.

அந்தக் கடிதங்களைப் பதினாறு வருஷமாகப் படித்து வந்தவள் பிரகாசியம்மாள். சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இருநூறு பிள்ளைகளை ஒரே அதட்டலில் வரிசையாக உட்காரவைத்த தொண்டை, அதனால் மைக் கெட்டுப்போன அன்றைக்கும் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும். ஊரில் எல்லார் கையெழுத்தும் அவளுக்கு அத்துப்படி. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, இன்னார் எழுதியது இது என்று அவள் வாயிலிருந்து ஒரு நாளும் வந்ததில்லை. கடிதத்தில் இல்லாத ஒரு சொல்லை அவள் சேர்த்ததும் இல்லை, இருக்கிற ஒரு சொல்லை விழுங்கினதும் இல்லை. அந்த விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அந்த முதல் புதன்கிழமை அவள் படித்த கடிதம், கிணற்றில் விழுந்தவரைக் கண்ணாடி உடைந்ததோடு காப்பாற்றிக் கொடுத்ததற்கு நன்றி என்று இருந்தது. முருங்கைக்காய் வியாபாரம் செய்கிற செலஸ்டினின் பெண்சாதி கையெழுத்து. செலஸ்டினோ மூன்றாவது பெஞ்சில் கண்ணாடி போட்டுக்கொண்டு நல்லபடியாக உட்கார்ந்து, யாருப்பா கிணத்துல விழுந்தது என்று பக்கத்து ஆளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் மோட்டாருக்குக் குனிந்தவர் தலைகீழாக உள்ளே போனார். கயிறு போட்டுத் தூக்கியபோது உடம்பில் ஒரு சிராய்ப்பு இல்லை, கண்ணாடி மட்டும் உடைந்திருந்தது. அவர் பெண்சாதி மாதா மேல் சத்தியம் பண்ணினாள், நான் எழுதவே இல்லையே என்று.

அடுத்த புதன் ஏழு கடிதம், அதற்கடுத்த புதன் இருபத்திரண்டு. எழுத்து அவரவர் கையெழுத்துதான், ஆனால் எழுதினவர் எவரும் இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தால் பேனா அழுத்தின தடம் இருக்காது, அதை வைத்துத்தான் பிரகாசி இனம் கண்டாள். சில கெட்டிக்காரர்கள் தாங்களாகவே உட்கார்ந்து, மகனுக்குக் கவர்மெண்டு வேலை கிடைத்ததற்கு நன்றி என்று எழுதிப் போட்டுப் பார்த்தார்கள். அவற்றையும் அவள் படித்தாள், சனமும் நன்றி சொன்னது, மகன் வீட்டில்தான் இருந்தான்.

பங்குசாமி பெனடிக்ட் ஆண்டவருக்கு, அதாவது பிஷப்புக்கு, விவரமாக ஒரு கடிதம் எழுதினார். நவநாள் பக்தியைத் தொடர்ந்து ஊக்குவிக்கவும், விளம்பரம் வேண்டாம் என்று பதில் வந்தது. சாமி அதை இரண்டு தரம் படித்து மடித்து வைத்துவிட்டு, கோயிலுக்கு வெளியே பந்தல் போடச் சொன்னார், ஏனென்றால் உள்ளே இடம் போதவில்லை.

நன்றி என்றால் ஏதோ இனிப்புச் சமாச்சாரம் என்று நினைத்திருந்த ஊர், அதற்குள் எவ்வளவு இருக்கிறது என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிந்துகொண்டது. பாம்பு கடித்தும் பிழைக்கவைத்ததற்கு நன்றி என்று, சாமிக்கு ஒத்தாசையாகக் கோயில் வேலை பார்க்கிற உபதேசியார் கையெழுத்தில் ஒரு கடிதம் வர, மனுசன் பூசைக்கும் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்சு போட்டுக்கொண்டு வந்தார். பாம்பு அந்தப் பூட்சுக்குள்ளேதான் இருந்தது, கடித்தது, பிழைத்தார். குடிகார மதலைமுத்துவின் பெண்சாதி பேரில், மாதா விண்ணேற்புத் திருநாளிலிருந்து அவர் குடியை விட்டதற்கு நன்றி என்று வந்தது. ஆகஸ்ட் பதினைந்துதானே, இன்னும் மூணு மாசம் கிடக்கே என்று மதலைமுத்து அதுவரை மனச்சாட்சி உறுத்தாமல் குடித்தார், பதினைந்தாம் தேதி காலையில் பட்டென்று விட்டார். தங்கள் வீட்டுக்குக் கடிதம் வராதவர்கள் வந்தவர்களைப் பார்த்து வயிறெரிந்தார்கள், வந்தவர்கள் அடுத்தது எப்படிப்பட்ட நன்றியோ என்று தூக்கம் வராமல் கிடந்தார்கள். இரண்டு கூட்டமும் புதன்கிழமை தவறாமல் வந்தது.

இன்னொன்றும் நடந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். வேண்டுதல் பெட்டி காலியாகிவிட்டது. அதோடு வீடுகளில் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்கிற நன்றியும் நின்றுபோனது. தங்கள் பேரில், தங்கள் கையெழுத்திலேயே யாரோ எழுதிப் போட்டுக்கொண்டிருக்கும்போது, சோறு ஆறிப்போக உட்கார்ந்து நாம் வேறு சொல்ல வேண்டுமா என்று கை தன்னால் தட்டுக்குப் போனது. பெனடிக்ட் சாமி பிரசங்கத்தில் ஒரு தரம் கண்டித்துப் பார்த்தார். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, பெட்டி எப்போது திறக்கும் என்று உட்கார்ந்திருந்தார்கள்.

படித்தால்தான் நடக்கும் என்பது தெரியவந்தது, பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த ஜெர்லினால். பத்தாவது மாசம் முடிந்து பதினோரு நாள் ஆகியும் அவளுக்கு நோவு எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், மருந்து ஏற்றினார்கள், வயிறு பாட்டுக்கு இருந்தது. ஒரு திங்கள்கிழமை கோயில் பெருக்குகிறவர் பெட்டியைத் தட்டிச் சுத்தம் பண்ணப்போக, உள்ளே ஓர் ஆணியில் மாட்டிக்கொண்டு ஒரு கடிதம் இருந்தது, சுகப்பிரசவத்துக்கு நன்றி என்று ஜெர்லின் கையெழுத்தில். பிரகாசியைக் கூப்பிட்டு ஆளில்லாத கோயிலிலேயே படிக்கவைத்தார்கள். அவள் முடித்துவிட்டு ஒரு அருள்நிறை மரியே சொல்லித் தலை நிமிர்வதற்குள் போன் வந்துவிட்டது, பெண் குழந்தை. படிக்காத நன்றி காத்துக்கொண்டு நிற்கும், எவ்வளவு நாளானாலும் நிற்கும் என்று அன்றைக்கு ஊர் தெரிந்துகொண்டது. பிரகாசியும் தெரிந்துகொண்டாள்.

பிரகாசியின் வீட்டுக்காரர் அருளப்பனுக்கு அப்போது வயிற்றில் புற்று. லாரி ஓட்டி இந்தியா பூராவும் பார்த்த மனுசன், மார்ச் மாசத்திலிருந்து கட்டிலோடு. பெரிய ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது வீடு அவர்களுடையது. மைக்கில் படிப்பதை ஊருக்குச் சொல்கிற கோபுரத்துக் குழாய் ரேடியோ நேராக அவர் ஜன்னலைப் பார்த்துத்தான் இருந்தது. இரண்டு கரண்டி கஞ்சிதான் இறங்கும், அதற்கும் முன்னால் சிலுவை போட்டு, "சேசுவே, இந்த உணவுக்கு நன்றி" என்று அவர் வாய்விட்டுச் சொல்லுவார். ஊரில் அந்தப் பழக்கம் விடாத ஒரு வீடு அது. ஆமென் சொல்வது பிரகாசியின் வேலை.

ஜூன் மாசம் இரண்டாவது புதன். மூன்று மணிக்குப் பெட்டியைத் திறந்து கடிதங்களை அடுக்கும்போது அவள் தன் கையெழுத்தைப் பார்த்தாள். தாளைத் திருப்பினாள். பேனாத் தடம் இல்லை. மறுபடி திருப்பிப் படித்தாள்.

"சதா சகாயத் தாயே, என் வீட்டுக்காரரை அதிக நோவில்லாமல் எடுத்துக்கொண்டதற்கு உமக்கு நன்றி. எங்கள் மகள் லீவு கிடைத்து வந்து நாலு நாள் அப்பா பக்கத்தில் இருந்ததற்கு நன்றி. ஒன்பது வருஷமாய்ப் பேசாத அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டதை என் கண்ணால் பார்த்ததற்கு நன்றி. அவர் தானாக எழுந்து கண்ணாடி பார்த்து முகச்சவரம் பண்ணிக்கொண்டதற்கு நன்றி. போகும்போது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, போயிட்டு வாரேன் என்று சொன்னதற்கு நன்றி. இப்படிக்கு உமது மகள்."

முப்பத்துநாலு வருஷத்தில் அருளப்பன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. ஏளா, இங்க பாரு, எங்க போயிட்ட, இதுதான் அவர் அவளுக்கு வைத்த பேர். கடைசி வரியைப் படிக்கையில் அவளுக்கு ஒரு நொடி சந்தோஷம் வந்ததும் நிஜம்தான். அடுத்த நொடி அந்தத் தாளை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகினாள். அன்றைக்குப் பதினெட்டு கடிதம் வந்திருந்தது, பதினேழு படித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தலைமாட்டு அலமாரியில் இருந்த செபப்புத்தகத்துக்குள் அதை வைத்தாள். அருளப்பன் கண்ணைத் திறந்து, "நம்ம கடிதம் ஒண்ணும் வரலியோ?" என்றார்.

"வரலிங்க," என்றாள்.

"சரி, வரும்."

அவள் கணக்குப் போட்டது ரொம்பச் சுலபம். படிக்காவிட்டால் நடக்காது, நடக்காவிட்டால் அவர் இருப்பார், இருந்தால் போதும். ஆனால் பயம் பிடித்தவள் அதோடு நிற்பாளா? கடிதத்திலுள்ள எந்த ஒன்று நடந்தாலும் மற்றது கூடவே வந்துவிடும் என்று அவள் மனசில் விழுந்துவிட்டது. ஒரு பக்கம் தைத்த துணியைப் பிடித்து இழுத்தால் மறுபக்கமும் வரும் அல்லவா, அப்படி.

மறுவாரம் மகள் ஜெனிட்டா குவைத்திலிருந்து போன் பண்ணினாள். ஆஸ்பத்திரியில் நர்சு வேலை, லீவே தராத இடம். "அம்மா, எப்படியோ லீவு குடுத்துட்டாங்கம்மா, பத்து நாள். டிக்கெட் பாக்கட்டா?"

"அப்பாவுக்கு இப்ப எவ்வளவோ தேவலை," என்றாள் பிரகாசி. "எழுந்து உக்காருதாங்க. நீ எதுக்கு இப்ப ஓடி வார? கிறிஸ்மசுக்கு வா, சேந்து கொண்டாடலாம்."

"நெசமாவாம்மா?"

"நான் பொய்யா சொல்லுதேன்?"

அன்றைக்குச் சாயங்காலம் செபப்புத்தகத்தைத் திறந்து பார்த்தபோது, கடிதத்தில் மகளைப் பற்றிய வரி இல்லை. அழித்த மாதிரி இல்லை, எழுதவே எழுதாத மாதிரி இருந்தது. பிரகாசிக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இப்படியே ஒவ்வொன்றாகப் போய்விட்டால் கடைசியில் கடிதமே இல்லாமல் போய்விடும், அப்புறம் இந்த மனுசனை யார் என்ன செய்ய முடியும் என்று நினைத்தாள்.

ஜூலையில் ஒரு நாள் அக்னேசு வந்தாள். அருளப்பனின் கூடப்பிறந்த தங்கச்சி, அடுத்த தெருவில் இருக்கிறவள். மகன் கல்யாணத்துக்குத் தாய்மாமனுக்கு முதல் பத்திரிகை வைக்காமல் சம்பந்தி வீட்டுக்கு வைத்துவிட்டாள் என்று ஆரம்பித்த பேச்சில்லாமை, ஒன்பது வருஷம். அவள் மஞ்சள் போட்ட சாளைக்கறி ஒரு சட்டியில் எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றாள். அண்ணனுக்கு அது உசிர்.

"மைனி, உள்ள வரட்டா?"

பிரகாசி கேட்டைத் திறக்கவில்லை. "தூங்குதாங்க, அக்னேசு."

"முழிக்கிற வரைக்கும் இருக்கேன்."

"வேண்டாம். உன்னப் பாத்தா கோவப்பட்டு வலி கூடும். மீனும் சேராது அவங்களுக்கு."

அக்னேசு முந்தானையால் சட்டியை மூடிக்கொண்டு போய்விட்டாள். மூன்றாம் நாள் அந்த வரியும் போயிருந்தது.

முகச்சவரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. விடிந்ததும் அருளப்பன், வலி இல்லாத முகத்தோடு, "ஏளா, கண்ணாடிய எடு, பிளேடு செட்ட எடு. இன்னைக்கு என்னமோ நல்லாருக்கு, பூசைக்குப் போற ஆளு மாதிரி இருக்கட்டும்" என்று கட்டிலை விட்டுக் காலைத் தொங்கப்போட்டார். பிரகாசி கண்ணாடியைக் கொண்டுபோய் அரிசி டிரம்முக்குள் புதைத்தாள். காணோங்க, எங்க வச்சேன்னு தெரியலைங்க என்று வீடெல்லாம் தேடுகிற பாவனை பண்ணினாள். அவர் காலைத் தொங்கப்போட்டபடி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாகக் காலை மேலே எடுத்துப் படுத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் எழுந்து உட்காரவே இல்லை.

வலி அதற்கப்புறம்தான் வந்தது. வந்தது என்று ஒரு வார்த்தையில் சொல்கிறேன். தலையணை உறையைக் கடித்துக் கடித்து அது நூலாகிப்போனது. செவிலி வந்து போட்ட ஊசி ஒரு மணி நேரம் தாங்கும், பிறகு அரைமணி, பிறகு அவள் கேட்டைத் தாண்டுவதற்குள் முனகல் கேட்கும். கடிதத்தில் "அதிக நோவில்லாமல்" என்ற இரண்டு வார்த்தை இருந்த இடம் வெறுமையாக இருந்ததைப் பிரகாசி பார்த்தாள். பார்த்தும், மடித்து வைத்தாள். அவர் மூச்சு விடுகிற சத்தம் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

புதன்தோறும் அவள் கோயிலுக்குக் கிளம்புவாள். ஊரார் நன்றியை எல்லாம் கணீரென்று படிப்பாள். வந்ததும் அவர் கேட்பார், "இன்னைக்கும் வரலியோ?"

"வரலிங்க."

ஒரு தரம் அவர் சிரிக்கப் பார்த்தார். "மதலைமுத்துக்கெல்லாம் வந்திட்டு. எனக்கு ஒரு வரி எழுத மாதாவுக்குப் பேனா கிடைக்கல போலிருக்கு." அதைக் கேட்டும் அவள் அடுப்படிக்குத்தான் போனாள்.

மிச்சமிருந்தது பேர். அவர் அவளைக் கூப்பிட வாயெடுத்தாலே, "இந்தா வந்திட்டேன்" என்று முந்திக்கொள்வாள். சில சமயம் அவர் கண் அவளைத் தேடி, உதடு ஒன்றோடொன்று ஒட்டி, பி என்று ஆரம்பிக்கப் போகிற மாதிரி குவியும். அவள் ஓடிப்போய் மிக்சியைப் போடுவாள், மோட்டாரைப் போடுவாள், குழாயைத் திறந்துவிடுவாள். புருசன் வாயால் கேட்க எந்தப் பொம்பிளையும் ஆசைப்படுகிற தன் பேரைக் கேட்டுவிடக் கூடாது என்று ஒருத்தி ரெண்டு மாசம் வீட்டுக்குள் ஓடித் திரிந்தாள். ஆகஸ்ட் கடைசியில் அவர் நாக்கு தடித்துப் பேச்சு நின்றது. கஞ்சிக்கு முன்னால் சிலுவை போடக் கை மட்டும் நெற்றி வரை போகும், அதற்கு மேல் இறங்காது. அந்த நன்றியை அவருக்குப் பதிலாகச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை, ஆமென்னும் சொல்லவில்லை.

செப்டம்பர் முதல் புதன்கிழமை மத்தியானம் அவள் செபப்புத்தகத்தை எடுத்தாள். கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. "சதா சகாயத் தாயே, என் வீட்டுக்காரரை எடுத்துக்கொண்டதற்கு உமக்கு நன்றி." கீழே, இப்படிக்கு உமது மகள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே "எடுத்துக்கொண்டதற்கு" என்ற சொல் சாயம் வெளுத்துக்கொண்டு வந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பதினோரு நாள் அப்படியே நின்ற ஜெர்லினின் வயிறு ஞாபகம் வந்தது. இந்தச் சொல்லும் போய்விட்டால் இந்த மனுசனுக்குச் சாவும் கிடையாது. தலையணை உறையைக் கடித்துக்கொண்டு, பேச்சில்லாமல், இப்படியே, எத்தனை வருஷமோ. இருந்தால் போதும் என்று அவள் கேட்டது இதைத்தான். பிரகாசி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள், சத்தம் வராமல்.

அன்று சாயங்காலம் மற்ற கடிதங்களை எல்லாம் படித்துவிட்டுக் கடைசியாக அதை எடுத்தாள். பழைய வரிகள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். சேர்த்துப் படித்துவிடலாமா, படித்தால் அதுவும் நடந்துவிடாதா என்று ஒரு நப்பாசை வந்தது. மகளைப் பற்றிய வரியைச் சொல்லவும் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மைக்கில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. எழுதியிருந்ததை மட்டும் படித்தாள்.

சனம் எதுவும் சொல்லவில்லை. கிணற்றுக்கும் பாம்புக்கும் நன்றி சொன்ன கூட்டம், சாவுக்கு நன்றி சொல்ல அதற்குப் பழக்கமில்லை. கடிதம் யாருடையது என்று இந்தத் தடவை குரலே சொல்லிவிட்டது. பீடத்திலிருந்து பெனடிக்ட் சாமிதான் மெதுவாக, "தாயே உமக்கு நன்றி" என்றார். பின்னால் நாலைந்து பேர் சொன்னார்கள். மைக்கை அணைக்காமலே அவள் இறங்கி வீட்டுக்கு ஓடினாள்.

அருளப்பன் விழித்திருந்தார். குழாய் ரேடியோவில் எல்லாம் கேட்டிருப்பார். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் சொன்னாள். கடிதம் ஜூன் மாசமே வந்தது, நான்தான் ஒளித்து வைத்தேன். பிள்ளையை வராதே என்று சொன்னது நான்தான். அக்னேசைக் கேட்டோடு அனுப்பினேன். கண்ணாடி அரிசிக்குள் இருக்கிறது. நீங்க கூப்பிடவந்தப்ப எல்லாம் காதைப் பொத்திக்கிட்டேன். "எனக்கு நீங்க இருந்தாப் போதும்னு இருந்திச்சு. உங்களுக்கு வலிக்குங்கறது எனக்குப் பெரிசாப் படல. மன்னிச்சிருங்க." அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, இல்லையா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. வியாழக்கிழமை காலை முதல் மணி அடிக்கும்போது மூச்சு நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு அடக்கம், மூன்றாம் நாள், ஏழாம் நாள் பூசை எல்லாம் நடந்தன. ஜெனிட்டா வந்தாள், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் அழுதாள். பெட்டியில் கடிதங்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருந்தன, ஜெர்லின் படித்தாள். பிரகாசி இனிமேல் படிக்கிறதில்லை என்று சாமியிடம் சொல்லிவிட்டாள்.

ஏழாம் நாள் பூசை முடிந்து வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு, பாத்திரம் கழுவ அக்னேசு தானாகவே கொல்லைப்புறம் வந்து உட்கார்ந்தாள். பிரகாசி பக்கத்தில் போய் நின்றாள்.

"அன்னைக்கு உன்னைத் திருப்பி அனுப்பினேன். உங்க அண்ணனோட பேச உனக்கு இருந்த கடைசி வழிய நான் அடச்சேன், அக்னேசு."

அக்னேசு தேய்ப்பதை நிறுத்தவில்லை. "நான் பேசினேன் மைனி."

"என்னைக்கு?"

"புதன்கிழமை புதன்கிழமை. நீங்க அங்க படிச்சிக்கிட்டு இருக்கும்போது இந்த ஜன்னலுக்கு வெளிய நின்னு பேசுவேன். மீனும் ஊட்டினேன், ரெண்டு வாய் தின்னாவ. உங்கள்ட்ட சொல்லவேண்டாம்னு அவியதான் சொன்னாவ."

நடந்திருக்கிறது, ஆனால் அவள் கண்ணால் பார்க்கவில்லை. பார்க்காததற்கு அவள் எப்படி நன்றி எழுதுவாள், அதனால்தான் அந்த வரி போனது. பிரகாசி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏன் சொல்லக்கூடாதுன்னாங்க?"

"அண்ணனுக்குத் தெரியும் மைனி. செபப்புத்தகத்துல என்னமோ காகிதம் வச்சிருக்கா, எடுத்துப் பாக்கா, அழுதா, திருப்பி வைக்கா, எனக்கு வந்த கடிதந்தான் அதுன்னு நான் வந்த முத வாரமே சொன்னாவ. நான் வாங்கிப் படிக்கச் சொல்லட்டான்னு கேட்டேன். வேண்டாம், அவளுக்கா மனசு வரட்டும், வாரவாரம் வந்திட்டான்னு கேட்டுப் பாக்கேன், வரல்ல, இன்னும் ஒரு வாரம் இருந்து பாக்கேன்னாவ. அப்படித்தான் இருந்தாவ."

கொல்லையில் யாரோ சாப்பிட்ட இலையைக் கோழிகள் இழுத்துக்கொண்டிருந்தன. பிரகாசி கேட்டாள், "பேச்சு நிக்கிறதுக்கு முன்னால, கடைசியா உங்கிட்ட என்ன சொன்னாங்க?"

"அது எதுக்கு மைனி இப்ப."

"சொல்லு."

அக்னேசு கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தாள். "உங்க பேரத்தான் சொன்னாவ. அவகிட்ட சொல்லப்போனா ஓடிருதா, நீயாவது கேட்டு வையின்னு சொல்லி, மூணு தடவ சொல்லிப் பாத்தாவ. பிரகாசி, போயிட்டு வாரேன். அப்படின்னு."

"எப்படிச் சொன்னாங்களோ அப்படியே இன்னொரு தடவ சொல்லு."

அக்னேசு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, தன்னால் ஆன மட்டும் அண்ணன் மாதிரி சொல்லிப் பார்த்தாள். பிரகாசி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அது அக்னேசின் குரலாகத்தான் இருந்தது.